வெண்ணெய் விலை பேசினோம்... இதைப் பேச மறந்தோம்!



இந்தக் கடிதத்தைப் படிக்கும் சகோதரிகள் சிலர் "இதையெல்லாமா பேப்பர்ல எழுதுவாங்க?" என்று முகம் சுளிக்கக் கூடும். சுளித்துவிட்டாவது முழுதும் படித்துவிடுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் மாமியாருக்கோ, அம்மாவுக்கோ, அடுத்த வீட்டு அக்காவுக்கோ இது உதவும்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. குறைந்தபோது எங்கள் காட்டூரில் தெருவுக்குத் தெரு அதே பேச்சு. வெண்ணெய், நெய்க்குப் பன்னிரண்டிலிருந்து ஐந்து சதவீதம். ஷாம்பு, பற்பசை, சோப்புக்குப் பதினெட்டிலிருந்து ஐந்து. பாக்கெட் பன்னீருக்கு வரியே கிடையாது. பெரிய டிவிக்கு இருபத்தெட்டிலிருந்து பதினெட்டு. டிவிக்காரர்களும் வாங்கப் போகிறவர்களும் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதே பட்டியலில் குழந்தைகளின் பால்புட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது: குழந்தைகளுக்கான நாப்கினும், 'கிளினிக்கல் டயாபரும்' பன்னிரண்டு சதவீதத்திலிருந்து ஐந்துக்கு இறங்கின. கிளினிக்கல் டயாபர் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டுகிறோமே, மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்தி "பெரியவங்க பேம்பர்ஸ் இருக்கா?" என்று கேட்டு, கறுப்புக் கவரில் வாங்கி வருகிறோமே, அதுதான்.

இதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. வாயைத் திறந்து கேட்டால்தானே பேசுவதற்கு!

எனக்கு மட்டும் அந்த வரி கண்ணில் பட்டதற்குக் காரணம், எங்கள் வீட்டில் அது அரிசி பருப்பு மாதிரி மாத சாமானாகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. என் அத்தைக்கு (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) 2022-இல் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு நாளுக்கு மூன்று டயாபர். சராசரியாக ஒன்று நாற்பது ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு நூற்றிருபது, மாதம் 3,600 ரூபாய். வரி குறைப்பை ஒழுங்காகக் கணக்குப் போட்டால் 3,600 ரூபாய் சாமான் 3,375 ரூபாய்க்கு வர வேண்டும். மாதம் 225 ரூபாய் மிச்சம். அரை மாதப் பால் கணக்கு அது, சும்மா விட முடியுமா?

கடையில் என்ன நடந்தது தெரியுமா? அக்டோபர் மாதம் போய்க் கேட்டால் "பழைய ஸ்டாக்கும்மா, பழைய விலைதான்" என்றார் கடைக்காரர். பழைய சரக்காக இருந்தாலும் விற்கிற தேதியில் என்ன வரியோ அதுதான் என்று வாதாடிய பிறகுதான் பில்லைக் குறைத்துப் போட்டார். அதே கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா, பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டு, கையால் சாடை காட்டி, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கூச்சத்துக்கும் விலை உண்டு சகோதரிகளே. பொருளின் பெயரைச் சொல்லவே முடியாதவர் எப்படி விலையைப் பேரம் பேசுவார்?

இங்கே ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். மாதவிலக்கு நாப்கினுக்கும் இதே கதிதான் இருந்தது. செய்தித்தாளில் சுற்றி வாங்கினோம். டிவியில் விளம்பரம் வந்தால் ஆண்கள் எழுந்து போவார்கள், இல்லை நாம் சேனலை மாற்றுவோம். பிறகு கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவான நாப்கின் மெஷின் செய்து, 2016-இல் பத்மஸ்ரீ வாங்கினார். நம் மாநில அரசு 'புதுயுகம்' என்ற பெயரில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகவே கொடுத்தது. ஜி.எஸ்.டி. வந்தபோது அதற்குப் பன்னிரண்டு சதவீதம் போட்டார்கள். நாடு முழுக்கப் பெண்கள் சத்தம் போட்டார்கள். ஒரே வருடத்தில், 2018 ஜூலை மாதம், வரி முழுதாகப் போயிற்று.

பெரியவர்களின் டயாபருக்கு யார் சத்தம் போட்டார்கள்? யாரும் இல்லை. அதனால் பன்னிரண்டு ஐந்தாவதற்கே இன்னும் ஏழு வருடம் ஆயிற்று, பூஜ்யமாக இன்னும் ஆகவில்லை. இரண்டுமே உடம்பு கேட்காமல் செய்கிற காரியத்துக்கான பொருள்கள்தான். ஒன்றுக்கு வரி கூடாது என்றால் இன்னொன்றுக்கு மட்டும் ஏன்? எனக்குத் தோன்றுவது இதுதான்: நாப்கின் கேட்டவர்கள் இளம் பெண்கள், படித்தவர்கள், ஊர்வலம் போகத் தெம்புள்ளவர்கள். டயாபர் வேண்டியவர்கள் கட்டிலில் கிடக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டிவிடுகிற நாமோ அடுத்த துணியைத் துவைக்கப் போய்விடுகிறோம்.

இது சின்ன விஷயமும் இல்லை. 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13.6 பேர் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. 2031-இல் 18.2 ஆகும். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். எங்கள் காட்டூரையே பாருங்கள். பெல் தொழிற்சாலையிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து, இடம் வாங்கி வீடு கட்டிய தலைமுறை இப்போது எழுபது, எண்பதில் இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும். மாடி வீடு காலி, கீழே தாத்தா பாட்டி இருவர் மட்டும். ஜப்பானில் 2024-இல் ஓஜி என்ற பெரிய காகிதக் கம்பெனி உள்நாட்டில் குழந்தைகள் டயாபர் செய்வதையே நிறுத்திவிட்டு, பெரியவர்கள் டயாபரில் கவனம் செலுத்தப் போவதாக அறிவித்தது. குழந்தைகள் குறைந்து போனார்கள், கிழவர்கள் கூடிப் போனார்கள். நம் ஊர் மெடிக்கல் ஷாப் அலமாரியும் மெல்ல அந்தப் பக்கம் சாய்வதை நானே பார்க்கிறேன்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். அத்தையை டிஸ்சார்ஜ் செய்யும்போது பில்லில் டயாபர் தொகையைத் தனியாக எடுத்துவிட்டு, "இது கிளெய்ம்ல வராது" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட 'பாலிசியில் அடங்காத பொருள்கள்' பட்டியலிலேயே "எந்த வகை டயாபரும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதே பட்டியலில் அழகு நிலையச் செலவும் குழந்தை உணவும் இருக்கின்றன! இடுப்பு உடைந்து ஆபரேஷன் ஆன எண்பது வயது அம்மாளுக்குக் கட்டும் டயாபர், முகத்துக்குப் பூசுகிற கிரீமோடு ஒரே வரிசையில். கூடுதல் பிரிமியம் கட்டினால் இந்த மாதிரிப் பொருள்களையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. புதிதாக எடுப்பவர்கள் கேட்டுப் பாருங்கள்.

அரசு முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது. நாற்பது ரூபாய் டயாபரானால் முப்பது வாங்கலாம். பத்தே நாள். மீதி இருபது நாளுக்கு அந்தப் பாட்டி என்ன செய்வாள்? பழைய புடவையும் வேட்டியும்தான். அதிலும் பாவம் இல்லை. நம் பாட்டிமார்களை அப்படித்தானே பார்த்தோம். ஆனால் அப்போது கிணற்றடியும், துவைக்க நான்கு பெண்களும், காயப்போட நீளக் கொல்லையும் இருந்தன. இப்போது ஒற்றை ஆள், ஒற்றை பால்கனி.

என் அத்தை கதைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த முதல் மாதம் டயாபர் கட்டவே விடவில்லை. "நான் என்ன கைக்குழந்தையா?" என்று கோபம். சரி, பெட்பேன் வைக்கிறேன் என்றால், ராத்திரி என்னை எழுப்பச் சங்கடம். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காப்பியைப் பாதியில் வைத்துவிடுவார். செம்புத் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருக்கும். கேட்டால், "குடிச்சாத்தானே வரும், வந்தாத்தானே உனக்கு வேலை?" என்பார். நானும் விவரம் தெரியாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் குளிர் ஜுரம், பிதற்றல், என் பெயரே நினைவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி. சிறுநீர்த் தொற்று. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், அடிக்கடி போக வேண்டும் போலிருக்கும், மலச்சிக்கல் வரும், அதுவும் சேர்ந்து பையை அழுத்தும் என்று டாக்டரம்மா திட்டித்தான் சொன்னார். ஒரு டயாபரை மறுத்ததற்கு ஆறு நாள் ஆஸ்பத்திரி வாசம்! அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, இது துணி நனைகிற விஷயம் இல்லை, உயிர் போகிற விஷயம் என்று.

அத்தைக்கு ஆன பிறகுதான் என்னையும் நான் கவனித்தேன். இருமினால், தும்மினால், குழாயடியில் குடத்தைத் தூக்கினால் எனக்கே நாலு சொட்டுப் போய்விடும். பல வருடமாக. பீரியட்ஸ் நின்ற பிறகும் நாப்கின் வாங்கிக்கொண்டிருந்தேன், யாரிடமும் சொல்லாமல். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாய் தவறிச் சொன்னால், "அட, உனக்குமா!" என்றார். அப்புறம் எதிர் வீடு, மூன்றாம் வீடு. பிரசவம் கண்ட உடம்பில் இது வெகு சகஜம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

எல்லா ஒழுக்கும் ஒன்றல்ல. இருமும்போது தும்மும்போது ஒழுகுவது ஒரு ரகம், இடுப்படித் தசை தளர்ந்ததால் வருவது. 'வருது' என்று தோன்றிய மறுகணமே அடக்க முடியாமல் போவது இன்னொரு ரகம். பை நிறைந்து வழிந்து சொட்டிக்கொண்டே இருப்பது மூன்றாவது, சர்க்கரை வியாதி முற்றியவர்களிடமும் பிராஸ்டேட் வீங்கிய ஆண்களிடமும் பார்க்கலாம். எழுந்து கழிவறைக்குப் போக முடியாததால் படுக்கையில் போவது என் அத்தை ரகம். இதில் முதல் இரண்டுக்கும் பயிற்சி இருக்கிறது. சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் போகும்போதே இதைச் செய்யக் கூடாது, தசையைக் கண்டுபிடிக்கத்தான் அந்த உதாரணம். அமெரிக்காவில் கீகல் என்ற மகப்பேறு டாக்டர் 1948-லேயே எழுதி வைத்தது. மூன்று மாதம் விடாமல் செய்தேன், எனக்குப் பாதிக்கு மேல் நின்றுவிட்டது. சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது!

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், திடீரென்று ஆரம்பித்த ஒழுக்கு, கீழே ஏதோ இறங்கி வருகிற உணர்வு இருந்தால் டயாபர் வாங்கப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் நீர் மாத்திரையை ராத்திரி போட்டுக்கொண்டு அவதிப்பட்டவரை எனக்குத் தெரியும். டாக்டரைக் கேட்டு வேளையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

இனி வாங்குகிற விஷயம். நான் பணம் பாழாக்கிக் கற்றது இது. முதலில், நாப்கின் இதற்கு ஆகாது. நாப்கின் மெதுவாக வரும் ரத்தத்துக்காகச் செய்தது. சிறுநீர் ஒரே வீச்சில் வரும், ஓரத்தில் வழிந்துவிடும். சொட்டுச் சொட்டாகப் போகிறவர்களுக்கென்றே தனி பேட் இருக்கிறது, நம் உள்ளாடையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். நடமாடுகிறவர்களுக்கு 'பேன்ட் டைப்', ஜட்டி மாதிரி போட்டுக்கொள்வது. கௌரவமும் கெடாது, தானே இறக்கிவிட்டுக் கழிவறையிலும் உட்காரலாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 'ஸ்டிக்கர் டைப்'. ஒருக்களித்துப் புரட்டிக் கட்டலாம், காலைத் தூக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் தெரியாமல் அத்தைக்குப் பேன்ட் டைப் வாங்கி, ஆபரேஷன் ஆன காலில் ஏற்ற நான் பட்ட பாடும் அவர் பட்ட வலியும் சொல்லி முடியாது.

சைஸில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். பெரிய சைஸ் வாங்கினால் நிறையப் பிடிக்கும் என்று நினைப்பு. சைஸ் என்பது இடுப்பளவு, பிடிக்கிற அளவு வேறு. தொளதொளவென்று இருந்தால் தொடை ஓரமாக ஒழுகும். இன்ச் டேப்பால் இடுப்பையும், பின்பக்கம் அகலமான இடத்தையும் அளந்து, எது பெரிதோ அதைக் கவரில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள். புடவைப் பாவாடை சைஸ் சொல்லி வாங்கினால் தப்பிப் போகும்.

கவரில் "இத்தனை மில்லி உறிஞ்சும்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது ஆய்வகத்தில் மொத்தமாக நனைத்து அளக்கிற கணக்கு. உள்ளே இருப்பது மரக்கூழும், நீரை இழுத்து ஜெல்லியாகும் ஒரு வகை ரசாயனப் பொடியும். அந்தப் பொடி வெறும் தண்ணீரை நிறைய இழுக்கும், உப்புத் தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும். சிறுநீர் உப்புத் தண்ணீர்தானே. கடைக்காரர் சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டும் வித்தையில் மயங்காதீர்கள். நான் வீட்டில் செய்து பார்ப்பது இப்படி: கால் லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கலந்து, நடுவில் ஒரே வீச்சில் ஊற்றி, ஐந்து நிமிஷம் கழித்து மேலே வெள்ளைத் துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துவேன். துணி சொட்டச் சொட்ட நனைந்தால் அந்தச் சரக்கு வேண்டாம், தோல் ஊறிப்போகும். புத்தூர் பெரியாஸ்பத்திரிப் பக்கத்து சர்ஜிகல் கடைகளில் விசாரித்தால் சின்னப் பாக்கெட்டாகக் கிடைக்கும். முதலிலேயே ஐம்பது வாங்கி அடுக்காதீர்கள்.

கட்டும்போது தொடையோரச் சுருக்கத்தை விரலால் வெளியே இழுத்து விட வேண்டும், அது உள்ளே மடங்கியிருந்தால் எவ்வளவு விலை உயர்ந்ததும் ஒழுகும். கீழ் ஸ்டிக்கரை முதலில் சற்று மேல்நோக்கி ஒட்டி, மேல் ஸ்டிக்கரைக் கீழ்நோக்கி ஒட்டினால் உடம்போடு அணைந்து நிற்கும். ராத்திரிக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பிரயோசனமே இல்லை. உள்ளே கட்டியதன் அடியில் பிளாஸ்டிக், அதைத் தாண்டி வெளியே இருப்பதற்கு ஒரு சொட்டும் போகாது. ராத்திரிக்கென்று கனமானது ஒன்று, அதன் கீழே படுக்கைக்கு ஒரு ஷீட், போதும்.

நான்கைந்து மணிக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். மலம் போனால் அந்த நிமிஷமே. சிலவற்றில் நனைந்தால் நிறம் மாறும் கோடு இருக்கும், உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அத்தைக்கு அது பெரிய நிம்மதி. மிதமான சோப்பில் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு கிரீமை மெல்லியதாகப் பூசுங்கள். பவுடரைக் கொட்டினால் மடிப்பில் கட்டி கட்டியாகி உறுத்தும். வாசனை போட்ட டயாபர் சிலருக்கு அரிக்கும். நாற்றம் வருவது பெரும்பாலும் மாற்றத் தாமதமானதால்தான், அதற்கு சென்ட் மருந்தல்ல.

நடமாடும் பெண்களுக்கு இன்னொரு கவலை, வெளியே தெரியுமோ என்பது. பிளாஸ்டிக் வெளிப்பக்கம் உள்ளது நடக்கும்போது சரசரக்கும். துணி மாதிரி வெளிப்பக்கம் உள்ளதை வாங்குங்கள், சத்தம் வராது. காட்டன் புடவைக்குள் சத்தியமாகத் தெரியாது. துவைத்துக் கட்டும் துணிப் பேட்களும் இருக்கின்றன. நம் திருச்சியின் 'கிராமாலயா' அமைப்பு மாதவிலக்குக்குத் துணி நாப்கினைப் பரப்பி வருகிறது. அதை நிறுவிய தாமோதரன் அவர்களுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கொஞ்சமாகக் கசியும் ஒழுக்குக்கும் அந்த மாதிரித் தையல் பேட்கள் நம் மகளிர் குழுக்கள் கையில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நம் ஊர் வெயில் இருக்கும்போது காயவைப்பதற்கு என்ன கவலை? ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் கடைச் சரக்கு.

கட்டியதைக் கழற்றிய பிறகு எங்கே போடுவது? இதில் காட்டூர்க்காரிக்கு மற்றவர்களைவிட உரிமையோடு பேசத் தகுதி உண்டு. பக்கத்திலேயே அரியமங்கலம் குப்பைக்கிடங்கு. சுமார் 47 ஏக்கர். தலைமுறை தலைமுறையாகத் திருச்சிக் குப்பை முழுவதும் மலையாகக் குவிந்த இடம். தீப்பிடித்துப் புகையும் நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமியிருக்கிறோம். பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடந்தபோது எது மக்கியது, எது மக்கவில்லை என்று பார்த்தால் தெரியும். டயாபரின் பிளாஸ்டிக் நம் பேரன் காலத்திலும் அப்படியே இருக்கும். கொல்லையில் போட்டுக் கொளுத்துகிறவர்களும் உண்டு, அந்தப் புகை விஷம். கழிவறையில் போட்டால் ஜெல்லி உப்பிக் குழாய் அடைத்துக்கொள்ளும், பிறகு செப்டிக் டேங்க் லாரிக்காரருக்கு அழ வேண்டியதுதான்.

2016-ஆம் வருட திடக்கழிவு விதியிலேயே உபயோகித்த டயாபர், படுக்கை ஷீட் எல்லாம் 'சுகாதாரக் கழிவு' என்று தனியாகச் சொல்லி, சுற்றிப் போடுவதற்கான கவரைக் கம்பெனிக்காரர்களே கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மூன்று வருடத்தில் நான் வாங்கிய பாக்கெட்டுகளில் அப்படி ஒரு கவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. 2026 ஏப்ரல் முதல் என்று அறிவித்த புது விதிகளில் ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, தனிக்கவனக் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் என்ன பயன் என்று நமக்கும் தெரியும். புனே நகரத்தில் குப்பை பொறுக்கும் பெண்களின் 'ஸ்வச்' கூட்டமைப்பு, காகிதத்தில் சுற்றி மேலே சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டது. அதைப் பார்த்து நான் பழைய பேப்பரில் மடித்துச் சுற்றி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிய பொட்டு வைத்துத் தனிப் பையில் கொடுக்கிறேன். மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்ட பிறகுதான். எங்கள் தெருத் தூய்மைப் பணியாளர் அம்மா முதல் நாள், "இதுல பொட்டு எதுக்கும்மா?" என்று கேட்டார். சொன்னேன். கையுறை இல்லாமல் பிரிக்கிற கை அது. அன்றிலிருந்து மற்ற வீடுகளிலும் அவரே பொட்டு வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

திருச்சியில் 2025 நவம்பரில் முதியோர் பகல்நேரப் பராமரிப்புக்கு 'அன்புச்சோலை' மையங்களைத் தொடங்கி வைத்தார்கள். நல்ல திட்டம், தனியாக வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்குப் பேச்சுத் துணை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு பாட்டியிடம் போகச் சொன்னால், "நாலு பேர் நடுவுல நனைச்சுட்டா யாரு மாத்துவா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாகியும் அவர் ஏறாததற்கும் அதுதான் காரணம். ஸ்ரீரங்கத்துக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம்? வைகுண்ட ஏகாதசிக்கு வரிசையில் மணிக்கணக்கில் நிற்க முடியாதென்று சொர்க்கவாசலை டிவியில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பாட்டிகள் எத்தனையோ பேர். முழங்கால் வலி என்று வெளியே சொல்வார்கள். உண்மைக் காரணம் மருமகளுக்கோ மகளுக்கோதான் தெரியும், சில வீட்டில் அவர்களுக்கும் தெரியாது.

அதனால் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறோம். மூன்றே விஷயம்தான். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே வந்து பார்க்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அதே பையில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டயாபரும் வர வேண்டும். அன்புச்சோலை போன்ற மையங்களில் பெண்களுக்கு மாற்றிக்கொள்ள மறைவான அறையும், கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் கழிவறையும், மூடி போட்ட தொட்டியும் வேண்டும். குப்பை வண்டியில் சுகாதாரக் கழிவுக்குத் தனிப் பெட்டி வேண்டும், எடுக்கிறவர்களுக்குக் கையுறை வேண்டும். வரியைப் பூஜ்யமாக்குவது டில்லி வேலை. அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டும்.

மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோது ஆண்கள் சிலர் "இதுக்கெல்லாம் மனுவா?" என்று சிரித்தார்கள். அதில் ஒருவர் மட்டும் மறுநாள் காலையில் தனியாக வந்து, "எங்கம்மாவுக்கு எந்த சைஸ் வாங்கணும்னு கொஞ்சம் சொல்லுங்கக்கா" என்று கேட்டார். இன்ச் டேப்பைக் கொடுத்து அனுப்பினேன். அத்தையிடமும் மனுவை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுதும் படித்துவிட்டு, "என் பேரை முதல்ல போடாத, நாலாவதா போடு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு செம்பை நீட்டி, "தண்ணி கொண்டா" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காட்டூர், திருச்சி.